ஒரு குறையுமில்லாத பாத் டப் பேனல்

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு குறை. பெரிதாகக்கூட வேண்டாம். "இந்த ஓரம் கையைக் குத்துது", "இந்த மூலை பிதுங்கி நிக்குது" என்று யாராவது முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். எங்கள் ஊர்ப் பக்கம் அது கிடைக்காது. வீட்டுக்கு வந்தவளுக்கு இளநீர் கிடைக்கும், காப்பி கிடைக்கும், கிளம்பும்போது ஒரு பை நிறையத் தேங்காய் கிடைக்கும். குறை மட்டும் கிடைக்கவே கிடைக்காது.

பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் டிசைன் பிரிவில் பல வருஷம் குப்பை கொட்டியவள் நான். அதை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தகர ஷெட் ஒன்றைப் பிடித்து, பாத் டப்புக்குப் பக்கவாட்டுப் பேனல் செய்ய இறங்கினேன். கேட்டவர்கள் எல்லோரும் முதலில் சிரித்தார்கள். "பம்பு டிசைன் பண்ணுன ஆளு, இப்பத் தொட்டிக்குப் பாவாடை தெக்கறியா?" என்று என் உடன்பிறந்த தம்பியே கேட்டான். கேட்டுவிட்டுப் போகட்டும். அவன் வீட்டு பாத்ரூமை உடைக்கிற நாள் வரும், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

உடைப்பதுதான் விஷயமே. இங்கே இப்போது புதிதாக வீடு கட்டுகிறவர்கள் மாடியில் ஒரு பாத் டப் வைக்காமல் கிரகப்பிரவேசம் செய்வதில்லை. கொத்தனார் அதன் பக்கவாட்டைச் செங்கல் வைத்துக் கட்டி, மேலே டைல்ஸ் ஒட்டி, சந்து பொந்தில்லாமல் வெள்ளை சிமெண்ட் பூசிவிட்டுப் போய்விடுவார். அடியில் ஒரு குழாய் கசிந்தால் போச்சு, சுத்தியலை எடுக்க வேண்டியதுதான். உடைத்து முடித்தபின் அதே டைல்ஸ் எந்தக் கடையிலும் இருக்காது. அப்புறம் அந்த வீட்டு பாத்ரூம் சாகிற வரைக்கும் ஒட்டுப் போட்ட சட்டையாகத்தான் நிற்கும்.

என் யோசனை இவ்வளவுதான்: சுவரே வேண்டாம். ஃபைபரில் பார்க்க லட்சணமாக ஒரு பேனல். மேலே டப்பின் விளிம்பில் கிளிப் போட்டு மாட்டும், கீழே தரையில் ஒரு பட்டையில் உட்காரும். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் வந்துவிடும். உள்ளே கசிவு பார்க்கலாம். உப்புத் தண்ணி பட்டு வெள்ளை பூத்துப்போனால் அதை மட்டும் மாற்றலாம். டிசைன் அலுத்துவிட்டால் வேறொன்றை மாட்டலாம்.

பேனலைவிட எனக்குக் கவலையெல்லாம் கிளிப்பில்தான். சாம்பிள் கிளிப்புகளை நானே அறுத்து ராவிக்கொண்டிருந்தேன். கடைகளில் விற்கப் போக வேண்டுமென்றால் கிளிப்புக்கு எஃகில் அச்சு வெட்ட வேண்டும். அச்சு வெட்டிவிட்டால் அப்புறம் அதில் மாற்றம் செய்ய முடியாது, இன்னொரு அச்சு வெட்ட எனக்கு வக்கும் கிடையாது. பழைய கம்பெனியில் என் நாற்காலி காலியாகவே இருந்தது. ஆடி முடிவதற்குள் சொன்னால் மறுபடி எடுத்துக்கொள்வதாக மேலாளர் சொல்லியிருந்தார். அதனால் வீட்டுக்காரரிடம் நானே வாயைக் கொடுத்தேன்.

"ஆடி முடியறதுக்குள்ள கிளிப் நிக்குதா இல்லையான்னு தெரிஞ்சுபோகோணுங்க. நிக்கலீன்னா ஷெட்டைச் சாத்திப்போட்டு வேலைக்குப் போயிடறனுங்க."

"உன்ற இஷ்டம் கண்ணு" என்றார்.

அவர் எதற்கும் இதைத்தான் சொல்வார். என்ன குழம்பு வைக்கட்டும் என்றாலும் இதுதான், எந்த ஊரில் நிலம் பார்க்கலாம் என்றாலும் இதுதான். மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். பழுதான சாமானைக் கொண்டுவந்து மேஜை மேல் போட்டுக் கத்துகிற ஆளிடம்கூட, "மொதல்ல உக்காருங்க, காப்பி குடிங்க" என்பார். காப்பி குடித்து முடிப்பதற்குள் அந்த ஆளுக்குத் தான் எதற்காகக் கத்தினோம் என்பது மறந்துபோகும். நான் நேர் எதிர். மனதில் பட்டதை அடுத்த நிமிஷம் கொட்டிவிடுவேன். எங்கள் வீட்டுக்குள் நாங்கள் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர்கள், இரண்டு பாஷையிலும் எனக்கு வாய் நீளம் என்பது என் அம்மாவின் தீர்ப்பு.

பங்குனியில், தெரிந்தவர்களாகப் பார்த்து ஆறு வீட்டில் பேனலை இனாமாக மாட்டிக்கொடுத்தோம். காசு வேண்டாம், குறையைச் சொன்னால் போதும் என்று கேட்டுக்கொண்டேன். அங்கேயே என் புத்தி மழுங்கிவிட்டது. கொங்கு நாட்டில் இனாமாக வாங்கிய பொருளுக்கு எவன் குறை சொல்வான்? காசு கொடுத்து வாங்கியதற்கே சொல்லமாட்டார்கள்.

டிசைன் சொல்லும்போது மட்டும் வாய் திறந்தது. ஒருவர் தேக்கு மாதிரி வேண்டும் என்றார், வந்ததும் கிரானைட் மாதிரி இருந்தால் நன்றாயிருக்கும் என்றார். பெருந்துறையில் ஒரு வீட்டில் ஏழு குதிரை ஓடுகிற படம் கேட்டார்கள், வாஸ்துவுக்கு நல்லதாம். பாத்ரூமில் எதற்கு வாஸ்து என்று நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் "போட்டுரலாமுங்க" என்று சொல்லிவிட்டார். உக்கடம் பக்கம் ஒரு வீட்டில் பேனல் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கடைசிவரை உரிக்கவே இல்லை. "கீறல் உழுந்துருமுங்க, அப்படியே இருக்கட்டுங்க" என்றார்கள். மாற்றிக்கொள்வதற்காகவே செய்த பேனலுக்குக் கீறல் விழுந்துவிடுமாம்! நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்புறம் பார்க்கப் போகிற படலம் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்காரர் முதல் நாளே போன் போட்டுச் சொல்லிவிடுவார்.

"எதுக்குங்க சொல்றீங்க? திடுதிப்புன்னு போயிப் பாக்கலாமில்ல?"

"சொல்லாம கொள்ளாம ஒருத்தரு ஊட்டு பாத்ரூமுக்குள்ள போயி நிக்கறது மரியாதையா கண்ணு?"

அதுவும் நியாயம்தான். போனால் அந்தந்த வீட்டு பாத்ரூம் பளபளவென்று இருக்கும். பினாயில் வாசனை மூக்கைத் துளைக்கும். டப்பைத் துடைத்துக் காயவைத்திருப்பார்கள். பேனல் சொல்லிவைத்ததுபோல் நேராக நிற்கும். நான் குனிந்து, அழுத்திப் பார்த்து, தட்டிப் பார்த்து, கழற்றி மாட்டிப் பார்ப்பேன். டக்கென்று உட்காரும்.

"ஏனுங்க, ஏதாச்சும் கொறை இருந்தாச் சொல்லுங்க."

"ஒரு கொறையுமில்லீங்க. அருமையா இருக்குதுங்க."

"கழண்டு கிழண்டு வருதுங்களா?"

"அய்யய்யோ, அதெல்லாம் இல்லீங்க. இருந்து சாப்புட்டுட்டுத்தான் போகோணும்."

ஆறு வீட்டிலும் இதே பாட்டு. உக்கடத்து வீட்டில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஏனுங்க, தயவுசெஞ்சு என்னையத் திட்டுங்க. உங்க காலுல வேணும்னாலும் உழறேன், ஒரு கொறை சொல்லுங்க" என்று கிட்டத்தட்டக் கத்திவிட்டேன். அந்த வீட்டுக்காரர் பயந்துபோய் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் சிரித்து மழுப்பினார். உள்ளேயிருந்து ஒரு தட்டில் அல்வா வந்தது. நானும் தின்று தொலைத்தேன்.

பம்பு கம்பெனியில் நான் கற்றுக்கொண்ட ஒரே ஞானம் இதுதான்: புகாரே வராத பம்பு என்று உலகத்தில் ஒன்று கிடையாது. புகார் வரவில்லையென்றால் யாரும் அதை ஓட்டவில்லை என்று அர்த்தம். ஷெட்டில் ஒரு பழைய டப் வைத்திருந்தேன். அதில் கழுத்துவரை தண்ணீர் ரொப்பி, சுடிதாரோடு நானே உள்ளே இறங்கி உட்கார்ந்து, ஆடி அசைந்து, பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டும் பார்த்தேன். கிளிப் அசையவில்லை. ஈரத் துணியோடு சந்தில் நடந்து வீட்டுக்குப் போனபோது, எதிர் வீட்டு அம்மா, "என்னுங்க, மழையா?" என்று கேட்டார். ஆமாங்க என்று சொல்லிவைத்தேன்.

ஆனி போனது. ஆடி பிறந்தது. எனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் பார்த்தாகிவிட்டது, ஆறு வீடும் அருமை என்கிறது, இதற்கு மேலும் சந்தேகப்பட்டால் அது வியாதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வரைபடத்தை அச்சு வெட்டுகிறவரிடம் கொடுக்க நாள் குறித்தாயிற்று.

அதற்கு முந்தின நாள், ஃபைபர் வார்க்க ரெசின் வாங்குவதற்காகப் பெருந்துறைத் தொழிற்பேட்டைக்குக் காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். வீட்டுக்காரர் கோபிப் பக்கம் ஒரு உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். வேலை முடிந்ததும், ஏழு குதிரை வீடு பக்கத்தில்தானே, டப்பின் விளிம்பு எவ்வளவு கனம் என்று கடைசியாக ஒரு தடவை அளந்துவிடலாம் என்று தோன்றியது. போன் செய்யலாமென்றால் அந்த வீட்டு நம்பர் என்னிடம் இல்லை, அவர் போனில்தான் இருந்தது. சரி, ஒரு நிமிஷ வேலைதானே என்று நேராகப் போய் நின்றேன்.

அந்த வீட்டு அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், சுற்றிலும் தென்னந்தோப்பு, புருஷனும் மகனும் ஈரோட்டில் மளிகைச் சரக்குக் கடை. என்னைப் பார்த்ததும் அவர் முகம் இருந்த இருப்பைப் பார்க்க வேண்டுமே! போலீஸ் வந்திருந்தாலும் அப்படி வெளுத்திருக்காது.

"வாங்க கண்ணு, வாங்க. ஒரு போன் பண்ணியிருக்கலாமில்லீங்க? உக்காருங்க, சித்தெ உக்காருங்க. காப்பி வெக்கறேன்."

"காப்பி வேண்டாங்க்கா. டப்பை மட்டும் ஒருக்கா அளந்துட்டுப் போயிடறேன்."

"அதெப்படிங்க காப்பி குடிக்காம போறது? உக்காருங்க."

சமையலறைக்குப் போவதாகச் சொன்னவர் விறுவிறுவென்று மாடிப்படி ஏறினார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு தரையில் எதையோ இழுக்கிற சத்தம். அதன்பின் குபுகுபுவென்று தண்ணீர் இறங்குகிற சத்தம். எனக்குப் பொறி தட்டியது. எழுந்து இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன். மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது!

கதவைத் தள்ளினால், அக்கா முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, டப்புக்குள் தோள்வரை கையை விட்டு அடைப்பானைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். டப் நிறையத் தண்ணீர், தளும்பத் தளும்ப. என் பேனல் நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. இரண்டு கிளிப் எகிறிப் போயிருந்தது. அது கீழே விழாமல் இருக்க, ஏழு குதிரைக்கும் முகத்துக்கு நேராக ஒரு அம்மிக்கல்லைச் சாய்த்து முட்டுக்கொடுத்திருந்தார்கள். அதைத்தான் அக்கா நகர்த்தப் பார்த்து, முடியாமல் பாதியில் விட்டிருந்தார்.

"என்னுங்கக்கா இது?"

"ஒண்ணுமில்லீங்க கண்ணு."

"அம்மியா அது?"

"அம்மிதானுங்க. மிக்சி வந்ததுக்கப்புறம் சும்மாதான் கெடந்துச்சு."

எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. அங்கேயே கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "மொதல்ல அந்தத் தண்ணியை உடாதீங்க, அடைப்பை மாட்டுங்க" என்றேன். மாட்டினார். பிறகு, கெஞ்சிக் கேட்டபின், ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"ஆத்துத் தண்ணி நாலு நாளைக்கு ஒருக்கா, வாரத்துக்கு ஒருக்கா வருதுங்க. வார அன்னைக்கு இதுல ரொப்பி வெச்சுக்குவோம். டப்புல படுத்துக் குளிக்கறதுக்கு இங்க ஆருக்குங்க நேரம்? மோந்து ஊத்திக் குளிச்சாத்தான் குளிச்சாப்புல இருக்கும். தண்ணி ரொம்பி ரெண்டு நாளு ஆச்சுன்னா இது இப்படி வயிறு தள்ளிக்குதுங்க. நீங்க வாரீங்கன்னு போன் வந்தா, அம்புட்டையும் தென்னைக்குத் தொறந்து உட்டுருவோம். காலியா உட்டா மறுநாளு தானாவே சரியாப்போகுது, ஒரு தட்டுத் தட்டுனாச் சிக்கிக்கும்."

"நான் வந்தப்ப எல்லாம் இப்படித்தானா?"

"ஆமாங்க."

"அப்பறம் எதுக்குங்கக்கா அருமையா இருக்குதுன்னீங்க?"

"ஏனுங்க, நீங்க இத்தனை மெனக்கெட்டு, ஒரு பைசா வாங்காம செஞ்சு குடுத்திருக்கறீங்க. குளிக்கற தொட்டியில நாங்க தண்ணி புடிச்சு வெச்சுப்போட்டு, அதுக்கு மேல உங்களைக் கொறை வேற சொன்னா, அது மனுசத்தனமாங்க?"

குடிக்கிற ஆற்றுத் தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றிவிட்டு, அடுத்த முறை வரும்வரை உப்புத் தண்ணியில் சோறாக்கியிருக்கிறார்கள், என் மனம் நோகக் கூடாது என்பதற்காக. நான் என்ன சொல்லித் திட்டுவது? அப்போதுதான் அக்கா மெதுவாகச் சொன்னார்:

"உங்க ஊட்டுக்காரருகிட்ட வைகாசியிலயே சொன்னமுங்களே. அவருதான், 'சரிங்க்கா, அம்மணிகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம்'னு..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அளவுகோலை எடுத்து வேலையைப் பார்த்தேன், இல்லாவிட்டால் அந்த பாத்ரூமிலேயே கத்தியிருப்பேன். தரையிலிருந்து டப்பின் விளிம்பு ஒன்றரை நூல் இறங்கியிருந்தது. நூல் என்பது எங்கள் தச்சர், கொத்தனார் கணக்கு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நான் ஷெட்டில் ரொப்பி, உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் காலி செய்த டப் அப்படி இறங்கவில்லை. நாள் கணக்கில் தண்ணீரைச் சுமந்து நிற்கிற டப் இறங்குகிறது. என் பேனலோ மேலே விளிம்புக்கும் கீழே தரைக்கும் நடுவில் இம்மியும் இடமில்லாமல் நிற்கிறது. விளிம்பு இறங்கினால் பேனல் எங்கே போகும்? வயிறு தள்ளத்தான் செய்யும்.

அக்காவின் கூடத்திலேயே உட்கார்ந்து, நம்பர் இருந்த மற்ற வீடுகளுக்குப் போன் போட்டேன். எடுத்த எடுப்பில், "ஏனுங்க, டப்புல இப்பத் தண்ணி இருக்குதுங்களா?" என்று கேட்டேன். எதிர்முனையில் ஒரு கனைப்பு. "கொஞ்சூண்டு இருக்குதுங்க." ஒரு வீட்டில் அரிசி மூட்டை முட்டுக்கொடுத்திருந்தது. இன்னொரு வீட்டில் பழைய கேஸ் சிலிண்டர். எல்லாம் அருமை.

இத்தனைக்கும் எங்கள் வீட்டில் சிறுவாணித் தண்ணீர் வருகிற அன்று டிரம், அண்டா, குடம் எல்லாம் ரொம்பி, கடைசியில் குக்கரில்கூடப் பிடித்து வைக்கிறவள் நான். வீட்டுக்கு வீடு அவ்வளவு பெரிய தொட்டி ஒன்று சும்மா காலியாகக் கிடக்கும் என்று எந்தக் கூறுகெட்ட நேரத்தில் நினைத்தேனோ! அச்சு வெட்டுகிறவருக்குப் போன் போட்டு, நாளைக்கு வேண்டாம் என்றேன். "சரிங்க, உங்க இஷ்டமுங்க" என்றார். அவரும்!

சாயங்காலம் வீட்டுக்காரர் தாம்பூலப் பையோடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"பெருந்துறை அக்கா ஊட்டுல அம்மி முட்டுக்கொடுத்திருக்குது. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

பையைப் பார்த்துக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"நாளைக்கு அச்சு வெட்டியிருப்பாங்க. எல்லாம் மண்ணாப் போயிருக்கும். எப்பச் சொல்றதா இருந்தீங்க?"

"காலையில உங்கூட வந்து, வெட்டறதுக்கு முன்னால சொல்லிரலாம்னுதான் இருந்தேன்."

"ஏனுங்க சொல்லலை? ஏன்?"

"சாப்புட்டியா கண்ணு?" என்று கேட்டார். அந்த நேரத்தில் என் கையில் என்ன கிடைத்திருந்தாலும் வீசியிருப்பேன், நல்லவேளையாகத் தாம்பூலப் பை அவர் கையில் இருந்தது. என்னவெல்லாமோ சொன்னேன், இரண்டு பாஷையிலும். அவர் ஒன்றுக்கும் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதற்கப்புறம் நான் ஷெட்டிலேயே கிடந்தேன். வழி என்னவோ சுலபமாகத்தான் இருந்தது. பேனலைத் தரையில் உட்காரவைக்காமல் விளிம்பில் மட்டும் தொங்கவிட்டேன். கீழே அரை அங்குலம் இடம் விட்டு, அந்த இடைவெளி தெரியாமல் இருக்கப் புடவைக்கு ஃபால்ஸ் தைப்பதுபோல ஒரு ரப்பர் பட்டை வைத்தேன். டப் இறங்கினால் பேனலும் கூடவே இறங்கட்டும், ஏறினால் ஏறட்டும். கிளிப்பின் வாயை மாற்ற வேண்டியிருந்தது, அதுதான் பிராணனை வாங்கியது. ஷெட் டப்பை நாள் கணக்கில் ரொப்பி வைத்தேன். அது நின்றது. ஆனால் ஷெட்டில் நின்றதை நம்பி ஏமாந்தவள்தானே, அதனால் பெருந்துறை அக்கா வீட்டில் அதே குதிரைப் பேனலில் புதுக் கிளிப் போட்டு மாட்டிவிட்டு, "தண்ணியைத் தொறந்து உட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்காரரிடம் போன் பண்ணக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அந்த நாட்களில் எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

ஆடி முடிய இரண்டொரு நாள் இருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினோம். அவர்தான் காரை ஓட்டினார், வாசலிலேயே நெளிந்துகொண்டு நின்றார். நான் நேராக மாடிக்குப் போனேன். டப் தளும்ப நிறைந்திருந்தது. அம்மி இல்லை. பேனல் நேராகத் தொங்கியது. அழுத்தினேன், இழுத்தேன், தட்டினேன். கிளிப் எதுவும் எகிறவில்லை.

அக்கா பின்னாலேயே வந்தார். "நல்லா இருக்குதுங்க" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஆகாமல் போயிருந்தது. "அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், நெசத்தைச் சொல்லுங்க. இதை நம்பித்தான் நான் ஷெட்டை வெச்சிருக்கறதா சாத்தறதான்னு இருக்கறேன்."

அக்கா என்னைப் பார்த்தார். மேலேறி வந்து கதவோரம் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "சொல்லிரட்டுங்களா?"

"சொல்லுங்க்கா" என்றார் அவர்.

"பேனலு நிக்குதுங்க. பொய்யில்லை. ஆனா இந்தக் குதிரை எனக்குப் புடிக்கவே இல்லீங்க. மகன் கேட்டான்னு சும்மா இருந்துட்டேன். ஏழு குதிரையும் கக்கூசைப் பாத்து ஓடிட்டு இருக்குது. காலங்காத்தால எந்திரிச்சு வந்து இதைப் பாத்தா நல்லாவாங்க இருக்குது?"

திரும்பிப் பார்த்தேன். ஆமாம், ஏழும் அந்தப் பக்கம்தான் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தன. பங்குனியிலிருந்து நான் பார்க்காத பார்வையா, எனக்கு அது கண்ணில் படவே இல்லை. நான் அந்த அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். என்ன ஆயிற்று இவளுக்கு என்று அவர் மிரண்டுபோனார்.

கிளம்பும்போது தேங்காய்ப் பை வந்தது. காரில் நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் பைபாஸில் ஒரு பேக்கரி முன்னால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். டீ குடிக்கத்தான் என்று நினைத்தேன். இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"கிளிப் நிக்குது" என்றார்.

"உங்க பேச்சை எப்படிங்க நம்பறது?" என்றேன். அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

"எனக்கு இது நிக்கக்கூடாதுன்னு இருந்துச்சு."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, எதிரே போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நிக்கலீன்னா நீ பழைய வேலைக்குப் போயிருவே. உன்ற கையைப் பாரு, ஃபைபரு அரிச்சு அரிச்சுத் தோலு உரிஞ்சு கெடக்குது. சோறு திங்கறப்பவும் கிளிப்பு, படுத்தாலும் கிளிப்பு. நம்ம ரெண்டு பேரும் வேற ஏதாச்சும் பேசி எத்தனை நாளாச்சு? அந்தக்கா வயிறு தள்ளுதுன்னு சொன்னப்ப எனக்கு உள்ளார சந்தோசமா இருந்துச்சு, போ. அந்தச் சந்தோசத்தை வெச்சுக்கிட்டு, அதே வாயால உங்கிட்ட வந்து எப்படிச் சொல்றது? சொன்னா என்ற மூஞ்சியிலயே நீ கண்டுபுடிச்சிருவே. அதான் சொல்லலை." பிறகு, "இப்பவும் நீ வேலைக்குப் போனாத்தான் எனக்குப் புடிக்கும். ஆனா நிக்குது. நல்லா நிக்குது" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் எனக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு வலித்தது, சுருக்கென்றுதான் வலித்தது. எத்தனை 'உன்ற இஷ்டம் கண்ணு'வுக்குள் என்னென்ன இருந்ததோ என்று நினைத்தபோது அவரை நாலு அறை அறைய வேண்டும்போலவும் இருந்தது. ஆனால் அவர் சொன்ன அந்த 'நல்லா நிக்குது'வை நான் நம்பினேன். ஆறு வீடும் சேர்ந்து சொன்னபோது வராத நம்பிக்கை அப்போதுதான் வந்தது.

அங்கேயே போனை எடுத்து அச்சு வெட்டுகிறவரிடம், "நாளைக்குப் புது வரைபடம் கொண்டாரேன், வெட்டிருங்க" என்றேன். வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். போனை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, வேற ஏதாச்சும் பேசுங்க" என்றேன்.

வண்டியைக் கிளப்பினார். என்ன பேசுவது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ரொம்ப தூரம் சும்மாவே வந்தோம். அவிநாசி தாண்டும்போது தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அந்தக்காவுக்குக் குதிரையை எடுத்துப்போட்டு என்ன படம் போடலாம்?" என்று கேட்டார்.